மேபலின் வீட்டுத் தூசி

மூன்று பேர் நான்கு நாட்கள் மினக்கெட்டுப் படியவைத்த தூசியைப் புஷ்பராணி ஒன்றரை மணி நேரத்தில் துடைத்துவிட்டாள்.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. பேர்லினில் இருபத்திரண்டு வருடமாகத் துப்புரவு வேலை செய்கிறவள். வழக்கமாக ஒரு காப்புறுதி அலுவலகத்தின் நான்காம் ஐந்தாம் மாடிகள்தான் அவளுடைய பொறுப்பு. அந்தக் கிழமை மட்டும் மேற்பார்வையாளர் தபோதரன் அவளை நகரின் தென் விளிம்பில் இருந்த ஒரு படப்பிடிப்புக் கூடத்துக்கு அனுப்பியிருந்தான். அங்கே துடைக்கிற போலந்துப் பெண்ணுக்குக் காய்ச்சல். “கந்தோர் அறையள், கக்கூஸ், நடைபாதை. அவ்வளவுதான் அக்கா,” என்று சொன்னவன், பெரிய மண்டபத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மண்டபத்தின் கதவில் சிவப்பு எழுத்தில் ‘ஹொட் செட்’ என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. அப்படி ஒட்டினால் படப்பிடிப்பு முடியும்வரை உள்ளே ஒரு குண்டூசியையும் அசைக்கக் கூடாது என்று பொருள். புஷ்பராணிக்கு இங்கிலீஷ் கொஞ்சம் தெரியும். உள்ளே ஹீட்டர் போட்டிருக்கிறார்கள், சூடாயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு ஜாக்கெட்டைக் கழற்றிக் கதவடியில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

உள்ளே ஒரு மாளிகை நின்றது. சிவப்பு வெல்வெட் சோபாக்கள், கண்ணாடி பதித்த மதுக் கவுண்டர், ஒரு பியானோ, மேலே வளைந்து போகிற படிக்கட்டு. எல்லாவற்றின் மேலும் விரற்கடை உயரத்துக்குத் தூசி. தொங்குவிளக்கிலிருந்து சிலந்தி வலைகள் கயிறு கயிறாகத் தொங்கின. இதற்குள் மனுசர் வந்து நடிக்கப் போகிறார்களா என்று மூக்கைச் சுளித்தாள். கிழமைக்கணக்கில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை என்று போலந்துக்காரியை மனதுக்குள் இரண்டு வார்த்தை திட்டினாள். பிறகு வாளியை நிரப்பினாள்.

எட்டு மணிக்குக் கலைப் பிரிவின் தலைவி ஹைக்கே வந்தாள். அறுபது வயது, நரைத்த கட்டை மயிர், எப்போதும் பெயின்ட் பட்ட காற்சட்டை. கதவைத் திறந்தவள், பளபளத்த பியானோவைப் பார்த்தாள்; கண்ணாடிகளைப் பார்த்தாள்; தரையிலிருந்து எழுந்த எலுமிச்சை வாசத்தை மூச்சில் இழுத்தாள். போய்ப் படிக்கட்டின் கீழ்ப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

அரை மணி நேரத்தில் தபோதரன் ஓடி வந்தான். விசயத்தை நடைபாதையில் வைத்துத்தான் புஷ்பராணிக்கு விளக்கினான். எடுக்கிற படம் ஒரு அமெரிக்கப் பெண்ணின் வாழ்க்கை. மேபல் ட்ரெய்னர் என்று பெயர். நூறு வருடத்துக்கு முன்னர் அங்கே மதுவிலக்கு இருந்த காலத்தில் கள்ளச் சாராயமும் பெண்களுமாக ஒரு வீடு நடத்தி, பொலிசையும் நீதவான்களையும் கைக்குள் வைத்திருந்தவள். ஒருநாள் அந்த வீட்டைச் சீல் வைத்து அவளைச் சிறையில் போடுகிறார்கள். இரண்டு வருடம் கழித்து வந்து கதவைத் திறக்கிறாள். அந்தக் காட்சியைத்தான் இன்றைக்கு எடுக்கவிருந்தார்கள்.

“தூசிதான் அக்கா அந்தக் காட்சியே. நீங்கள் அதைத் துடைச்சுப்போட்டியள்.”

“சாமான் எல்லாம் அவ்வளவு ஊத்தையாக் கிடந்தது தம்பி.”

“கொம்பனி இனி உங்களை வைச்சிருக்குமோ தெரியாது. நீங்கள் பேசாமல் வீட்டை போங்கோ. நான் கதைக்கிறன்.”

“நான் செய்த பிழைக்கு நீ ஏன் கதைக்கிறாய்?” என்று சொல்லிவிட்டு அவள் மண்டபத்துக்குள் திரும்பிப் போனாள்.

அதற்குள் ஹைக்கேயும் இரண்டு உதவியாளர்களும் மீண்டும் தொடங்கியிருந்தார்கள். காலையில் வேறொரு காட்சியை வெளியே எடுப்பது, தூசிக் காட்சியை மூன்று மணிக்கு வைப்பது என்று இயக்குநர் முடிவு செய்திருந்தார். புஷ்பராணி ஹைக்கேயின் முன்னால் போய் நின்று, துப்புரவு வேலையில் பொறுக்கிய தன் ஜேர்மன் மொழியில் மன்னிப்புக் கேட்டாள். ஹைக்கே தலையை ஆட்டினாள். கோபமாகவும் இல்லை, சிரிப்பாகவும் இல்லை. கையில் ஒரு துருத்தி இருந்தது. அதற்குள் சாம்பல் நிற மாவு. அதை அழுத்தி அழுத்தி மேசைமேல், நாற்காலிமேல், பியானோமேல் எல்லாம் ஒரே சீராக ஊதிக்கொண்டிருந்தாள்.

புஷ்பராணி போயிருக்கலாம். ஆனால் கால் நகரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றவள், கடைசியில் வாயைத் திறந்தாள்.

“தூசி அப்படி விழாது.”

ஹைக்கே திரும்பினாள். “எப்படி?”

“எல்லா இடமும் ஒரே மாதிரி இல்லை. தூசி மேலிருந்து வரும். கைபிடியின் மேற்பக்கம் தடிப்பு, பக்கவாட்டில் கொஞ்சம், கீழே இல்லை. யன்னல் பக்கம் மெல்லிசு. மூலையில் உருண்டையாகக் கிடக்கும், மயிரும் நூலும் சேர்ந்து.”

“வேறு?”

அந்த ‘வேறு’ என்ற கேள்வியை இருபத்திரண்டு வருடத்தில் ஒருவரும் அவளிடம் கேட்டதில்லை. ‘இங்கே விட்டுவிட்டாய்’ என்பார்கள், ‘நன்றி’ என்பார்கள். அவள் மண்டபத்தைச் சுற்றி ஒருமுறை பார்த்தாள். பொலிஸ் வந்த அன்று இங்கே என்ன நடந்திருக்கும் என்று யோசித்தாள்.

“குடிச்சுக்கொண்டிருந்த கிளாசுகளைப் பொலிஸ் பிறகு வந்து எடுத்துப் போயிருக்கும். தூசி ஏற்கெனவே கொஞ்சம் விழுந்த பிறகு எடுத்திருந்தால், மேசையில் வட்டம் வட்டமாக அடையாளம் இருக்கும். சுவரில் படம் ஒன்றைக் கழற்றியிருந்தால் அந்த இடம் மட்டும் நிறம் மங்காமல், புதுசாக இருக்கும். சுவரோரம் எலி போன பாதை. பியானோ மூடிக் கிடந்தது. அப்போ உள்ளே தூசி வராது. அவள் திறந்தால் கட்டைகள் வெள்ளையாக இருக்க வேணும்.”

ஹைக்கே துருத்தியைக் கீழே வைத்தாள். அலமாரியிலிருந்து ஒரு மாச்சல்லடையை எடுத்து வந்து புஷ்பராணியின் கையில் கொடுத்தாள்.

மூன்று மணிக்கு, கமரா பார்க்கிற பக்கம் மட்டுமாவது, வீடு தயாராக இருந்தது. மேபலாக நடித்த அமெரிக்க நடிகை சாம்பல் நிறக் கோட்டுடன் கதவைத் திறந்து உள்ளே வந்தாள். எழுதியிருந்தபடி அவள் நடந்துபோய் யன்னலைத் திறக்க வேண்டும். ஆனால் வழியில் மேசையைக் கண்டு நின்றாள். தூசியின் நடுவே ஆறு வட்டங்கள் இருந்தன. அதில் ஒன்றின் மேல் உள்ளங்கையை வைத்து, யாருடைய தலையையோ தடவுவது போல அப்படியே வைத்திருந்தாள். இயக்குநர் அதையே வைத்துக்கொண்டார். அன்று மாலை ஹைக்கே கொம்பனிக்குப் போன் எடுத்து, அந்தப் பெண்ணைப் படம் முடியும்வரை, ஏழு கிழமைக்கு, தன்னிடம் விடும்படி கேட்டாள்.

வீட்டில் புஷ்பராணி இதைப் பாதிதான் சொன்னாள். கணவர் உருத்திரமூர்த்தி ஒரு உணவகத்தின் சமையலறையில் வேலை, நொய்கெல்ன் பகுதியின் முருகன் கோயிலில் அன்னதானப் பொறுப்பு. திருநீறு பூசாமல் வாசலைத் தாண்டாதவர். “பழைய ஹோட்டல் ஒண்டைப் பற்றின படம்,” என்று சொல்லி வைத்தாள். அது இரண்டு கிழமைதான் தாக்குப் பிடித்தது. கோயிலில் அவருடன் காய்கறி வெட்டுகிற நித்தியானந்தன், தன் மகள் பத்திரிகையில் வாசித்ததைக் கேட்டு அவரிடம் விசயத்தை உடைத்துவிட்டார்.

அன்றைக்கு உருத்திரமூர்த்தி கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்றார்.

“அது என்ன ஹோட்டல்?”

“வேசை வீடு,” என்றாள் புஷ்பராணி. பொய்யை இனி இழுக்க அவளுக்கு விருப்பமில்லை.

“சனத்துக்கு நான் என்ன சொல்லுறது?”

“உங்கட பெண்சாதி அங்கை தூசி போடுறாள் எண்டு சொல்லுங்கோ.”

அவர் சத்தம் போடுகிற மனிதரல்ல. பேச்சை நிறுத்திவிட்டார். மூன்று நாட்கள் புட்டுக்கும் சம்பலுக்கும் நடுவே தலையைக் குனிந்தபடி சாப்பிட்டார். நான்காம் நாள் புஷ்பராணிக்குப் பொறுக்கவில்லை. அன்றைக்கு எடுத்த நீதிமன்றக் காட்சி அவளுக்குள் நின்று குதித்துக்கொண்டிருந்தது. அடுப்பைப் பார்த்துக்கொண்டே, அடுப்புக்குச் சொல்வது போலச் சொன்னாள்.

“இண்டைக்கு அவளைக் கோட்டிலை ஏத்தினவை. உன்ர வீட்டுக்கு வந்த ஆம்பிளையளின்ர பேரைச் சொல் எண்டு கேட்டவை. அவள் சொல்லுறாள், அவையளின்ர பேர் எனக்கு ஞாபகமில்லை, அவையளின்ர பெண்சாதிமாரின்ர பேர் எல்லாம் ஞாபகம் இருக்கு, ஏனெண்டால் குடிச்சுப்போட்டு அழேக்கை அதைத்தான் சொல்லுறவை எண்டு.”

பின்னால் கோப்பை நகர்ந்தது.

“நீதவான் என்ன சொன்னவர்?”

“அது நாளைக்குத்தான் எடுக்கினம்.”

அடுத்த நாள் உருத்திரமூர்த்தி வேலை முடிந்து வழக்கத்தைவிட அரை மணி முன்னதாக வந்து மேசையில் உட்கார்ந்தார். நீதவான் இரண்டு வருடம் கொடுத்தார் என்று அறிந்ததும், “அவனும் அங்கை போனவன்தானே,” என்றார். “போனவன்தான். ரெண்டு தரம்,” என்றாள் அவள்.

அதன்பிறகு மேபல் அவர்களுடைய வீட்டில் ஒரு தூரத்து உறவுக்காரி போல ஆகிவிட்டாள். அவள் செய்தவற்றைப் பற்றி இரண்டு பேரும் நியாயம் பிளந்தார்கள். கதை ஒழுங்காகவும் வரவில்லை. படத்தின் நடுப்பகுதியை முதலில் எடுப்பார்கள், தொடக்கத்தைப் பிறகு எடுப்பார்கள். உருத்திரமூர்த்தி அதைத் தானே அடுக்கி வைத்துக்கொண்டார். லூசி என்ற பதினெட்டு வயதுப் பெட்டை அந்த வீட்டை விட்டு ஓடப் பார்த்தபோது, மேபல் பனிக்காலம் முடியும்வரை அவளுடைய சப்பாத்துகளை ஒளித்து வைத்தாள் என்று கேட்டதும் அவருக்கு முகம் சிவந்தது.

“உது பிழை. உது பெரிய பிழை.”

“பிழைதான்.”

“நீ அவளுக்காகக் கதைக்காதை.”

“நான் கதைக்கேல்லையே. பிறகு அதே பெட்டைக்கு நெஞ்சுச் சளி பிடிச்சு மூச்செடுக்க ஏலாமல் கிடக்கேக்கை ஒன்பது நாள் பக்கத்திலை இருந்து பாத்தவளும் அவள்தான். அதையும் சொல்லத்தானே வேணும்.”

அவர் தண்ணீர் குடித்தார். “பெட்டை தப்பினவளோ?” என்று கேட்டார். தப்பினாள் என்றதும் எழுந்து போய்ப் படுத்தார்.

ஏழு கிழமை முடிந்தது. கடைசி நாள் ஹைக்கே அந்த மாச்சல்லடையைப் புஷ்பராணிக்கே தந்துவிட்டாள். ஆனால் மேபலின் முடிவு மட்டும் தெரியவில்லை. கடைசிக் காட்சிகளை வேறு நாட்டில் எடுப்பதாகச் சொல்லி எல்லோரும் மூட்டை கட்டிப் போய்விட்டார்கள். “கேட்டிருக்கலாமே,” என்று உருத்திரமூர்த்தி பல தடவை சொன்னார். புஷ்பராணிக்கும் அதே ஆதங்கம்தான். காப்புறுதி அலுவலகத்தின் மேசைகளைத் துடைக்கும்போதெல்லாம் மேபல் வயதானபின் எங்கே இருந்திருப்பாள் என்று யோசித்தாள்.

அடுத்த வருடம் ஒக்டோபரில் படம் வந்தது. கார்ல் மார்க்ஸ் வீதியோரத் தியேட்டரில் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக் காட்சி. தானே டிக்கெட் எடுத்துவந்து வைத்த உருத்திரமூர்த்தி, “ஷெஃப்பிட்டைச் சொல்லி ஊர்லாப் போட்டிட்டன்,” என்றார். அந்த உணவகத்தில் ஞாயிற்றுக்கிழமை லீவு கேட்பது எவ்வளவு பெரிய விசயம் என்று அவளுக்குத் தெரியும்.

தூசிக் காட்சி வந்தது. அதுதான் என்று அவருக்குச் சொல்லத் தேவைப்படவில்லை. திரை முழுக்க அந்த மேசை நிறைந்து, நடிகையின் கை வட்டத்தின் மேல் இறங்கியபோது, அவர் இருட்டில் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தார். முப்பது வருடக் கலியாணத்தில் வெளியிடத்தில் அவர் அப்படிப் பிடித்ததில்லை. காட்சி மாறிய பிறகும் விடவில்லை.

முடிவு கொடியதாக இருந்தது. மேபல் ஒரு வாடகை அறையில், எழுபது வயதில், தனியே செத்துப்போனாள். வீட்டுக்காரி கட்டில் விரிப்பை உதறிப் போட்டாள். இரண்டு ஆட்கள் பெட்டியைப் படியால் இறக்கினார்கள். வெளியே மழை பெய்தது. ஒருவரும் இல்லை.

வெளியே வந்து இருவரும் பஸ் தரிப்பிடம்வரை நடந்தார்கள்.

“ஒருத்தியும் வரேல்லை,” என்றார் உருத்திரமூர்த்தி.

“ஓம்.”

“லூசியாவது வந்திருக்கலாம்.”

“அவளுக்குத் தெரியாமல் இருந்திருக்கும்.”

“பத்திரிகையிலை போட்டிருப்பாங்கள்தானே,” என்றார் அவர். பஸ் வந்தது. வீடு போய்ச் சேரும்வரை அவருடைய முகம் செத்த வீட்டுக்குப் போய் வந்தவரின் முகம் போலவே இருந்தது.

வெள்ளிக்கிழமை கோயிலில் அன்னதானத்துக்குக் காய் வெட்டினார்கள். புஷ்பராணி பெண்களுடன் அடுத்த மேசையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ஆண்களின் மேசையில் உருத்திரமூர்த்தி பூசணிக்காயைக் கீறியபடி கதை சொல்லிக்கொண்டிருந்தார். நித்தியானந்தன் கத்தியை மறந்து கேட்டுக்கொண்டிருந்தார். நீதவான் வந்தார், சீல் வைத்த கதவு வந்தது, சப்பாத்து வந்தது, ஒன்பது நாள் வந்தது. அந்த வீட்டின் தூசியை ஆர் போட்டது என்பதும், அதைப் பார்த்து அமெரிக்கக்காரியே அசந்துபோன விதமும் மிகவும் விரிவாக வந்தன.

“கடைசியிலை மனுசிக்கு என்ன நடந்தது அண்ணை?” என்று நித்தியானந்தன் கேட்டார்.

உருத்திரமூர்த்தி பூசணித் துண்டுகளைச் சட்டிக்குள் தள்ளினார்.

“செத்துப் போனாள். ஆனா பெட்டையள் எல்லாரும் வந்தவை. ஒண்டு மிச்சமில்லை. லூசிதான் முன்னுக்கு நிண்டவள், தன்ர பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு. மழை எண்டால் அப்பிடி ஒரு மழை. ஒருத்தியும் குடை பிடிக்கேல்லை.”

நித்தியானந்தனுக்கு எங்கேயோ இடித்தது போல. மகள் வேறு மாதிரிச் சொல்லியிருக்க வேண்டும். அவர் அடுத்த மேசைப் பக்கம் திரும்பினார்.

“உண்மையே அக்கா? எல்லாரும் வந்தவையே?”

புஷ்பராணி நிமிர்ந்தாள். கணவர் அவளைப் பார்க்காமல் அடுத்த பூசணிக்காயைத் தேடிக்கொண்டிருந்தார்.

“ஓம்,” என்றாள் அவள். “ரெண்டு பேர் தூர இடத்திலையிருந்து ரயிலிலை வந்தவை.”