கைக்குப் பிடிக்க ஒரு சக்கரம்

எக்ஸ்டென்ஷன் பெட்டியை எடுக்கக் குனிந்தவள், அதில் செருகியிருந்த பிளக்கைப் பார்த்து அப்படியே நின்றாள்.

"கெடைச்சுதா புரொபசர்? இங்க எல்லாரும் வெந்துக்கிட்டிருக்கோம். ஒரு ஃபேனாவது போடும்மா" என்று கூடத்திலிருந்து பெரியப்பா குரல் கொடுத்தார்.

அவள் சாயங்கால வகுப்பில் எலெக்ட்ரானிக்ஸ் படிக்கப் போனதற்கு அம்மா வைத்த பட்டம் அது. இனிமேல் அதை மற்றவர்கள் மட்டும்தான் சொல்வார்கள்.

பிளக்கின் மறுமுனையில் அம்மாவின் மெஷின் இருந்தது. கம்ப்யூட்டரில் வரைந்த கோட்டிலேயே மரத்தை வெட்டும் சின்ன சி.என்.சி. துணி வெட்ட உதவும் மர அச்சுகளைத் தானே செய்துகொள்ள வேண்டும் என்று, தையல் வேலை போக மிச்ச நேரத்தில் அம்மா பாகம் பாகமாகச் சேர்த்துப் பூட்டியது. அதில் ஒரு காலர் அச்சு பாதி வெட்டியபடி நின்றது. மூச்சுத் திணறலோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது அம்மாவே நிறுத்தி வைத்துவிட்டுப் போனது.

"வந்து முடிச்சுக்கிறேன். கரண்ட மட்டும் நிறுத்திடாத, எங்க நின்னோம்னு அதுக்கு மறந்துடும்."

அதைச் சொன்னது அண்ணியிடம். மகளும் பக்கத்தில்தான் அம்மாவின் செருப்பை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

இன்று விடிந்ததும் ஆஸ்பத்திரியிலிருந்து அம்மாவின் உடலைக் கொண்டுவந்து கூடத்தில் கிடத்தினார்கள். அப்போதும் அண்ணி அவள் கையைப் பிடித்து, "எத வேணா எடுத்துக்க, அந்த பிளக்க மட்டும் தொட்டுடாத" என்றாள். அண்ணியின் கண் வீங்கியிருந்தது. வந்தவர்களெல்லாம் அந்தக் கண்ணைத்தான் பார்த்தார்கள். "மருமகளா அது, பெத்த பொண்ணு மாதிரியில்ல பாத்துக்கிட்டா" என்று ஒருத்தி சொன்னபோது, பெற்ற பெண் தண்ணீர்த் தட்டோடு அவளுக்கு முன்னால் நின்றிருந்தாள்.

கன்ட்ரோலர் விஷயத்திலும் இதே கதைதான் நடந்தது. மெஷினின் மோட்டார்களுக்கு உத்தரவு போடும் அந்த ஒரு பொருளை வாங்க, அவள் எத்தனையோ வகைகளை ஒப்பிட்டுப் பார்த்தாள், சந்தேகம் தீராமல் வகுப்பு ஆசிரியரையும் நச்சரித்தாள். கடைசியில் கம்ப்யூட்டரோடு இணைகிற ஒரு போர்டைச் சொன்னாள். அண்ணிக்கு ஓமுக்கும் வோல்ட்டுக்கும் வித்தியாசம் தெரியாது. கடையில் பார்த்த படத்தைக் காட்டி, "அத்த, இதுல சக்கரம் இருக்கு" என்றாள். அவ்வளவுதான். கைப்பிடியளவு பெட்டி, நடுவில் திருகுகிற சக்கரம். ஒரு சொடுக்குத் திருகினால் மரத்தை வெட்டும் முனை ஒரு மயிரிழை நகரும். தையல் மெஷினின் சக்கரத்தில் வாழ்நாளெல்லாம் வலது கையை வைத்திருந்த அம்மா அதையே வாங்கிவிட்டாள்.

"என்னோடதுல எல்லாமே இருக்கேம்மா."

"எல்லாம் இருக்குடி. கைக்குப் பிடிக்க ஒண்ணும் இல்லையே."

எப்படியும் மனசு மாறும் என்று அவள் வாங்கி வைத்த போர்டு, உறை பிரிக்காமல் இன்னும் அவள் கைப்பையில் கிடந்தது.

"புரொபசர்!"

"இதோ வரேன் பெரியப்பா."

எக்ஸ்டென்ஷன் பெட்டியில் இன்னும் இரண்டு துளைகள் காலியாகத்தான் இருந்தன. ஆனால் ஒயர் கூடம் வரை நீள வேண்டுமானால் பெட்டியை இங்கிருந்து நகர்த்தியாக வேண்டும். அப்படித்தான் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். பிளக்கைப் பிடுங்கினாள். சக்கரத்துக்கு மேலே எரிந்த எண்கள் அணைந்தன.

கூடத்தில் ஃபேன் சுற்றியது. அம்மாவின் நெற்றியில் ஒரு முடி அசைந்தது. அதைப் பார்த்துக்கொண்டு அங்கே நிற்க அவளால் முடியவில்லை.

திரும்பி வந்தபோது அண்ணி மெஷின் முன்னால் நின்றிருந்தாள்.

"கரண்ட் போயிடுச்சா?"

"நான்தான் புடுங்கினேன்."

அண்ணி கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் தேவலை. அண்ணி முந்தானையால் மெஷினின் ஓரத்தைத் துடைத்தாள், துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள்.

"இனி இது அவ்வளவுதான், இல்ல?"

"ஆரம்பிச்ச எடம் தெரிஞ்சா முனைய அங்க வெச்சுத் திரும்ப ஓட்டலாம். உங்களுக்குத் தெரியுமே."

"எனக்கா? அந்த எடத்த மட்டும் அத்த தானேதான் வெப்பாங்க. போய் டீ போடுன்னு என்னத் தொரத்திடுவாங்க."

அந்த நேரத்திலும் அவளுக்குள் ஏதோ ஒன்று குளிர்ந்தது. உடனே அது அசிங்கமாக இருந்தது. ஆனாலும் குளிர்ந்தது நின்றுவிடவில்லை.

காலர் அச்சு வெட்டிக்கொண்டிருந்த பலகையின் இடது மூலையில் குவிந்திருந்த மரத்தூளை ஊதினாள். அடியில் நீல நிறத்தில் ஒரு சின்னப் பெருக்கல் குறி. தையல் சாக்பீஸால் போட்டது. எந்தத் துணியை வெட்டும் முன்னும் அம்மா போடுவது. சின்ன வயதில் அவளுக்குக் கவுன் வெட்டும்போது, அந்தக் குறி போட்ட மூலையை விரலால் அழுத்திப் பிடிப்பதுதான் அவள் வேலை.

"இதுவா?" என்றாள் அண்ணி.

"இதுதான்."

அவள் கூடத்துக்குப் போய் ஃபேனைப் பிடுங்கிவிட்டு, பெட்டியை ஒயரோடு சுருட்டிக்கொண்டு வந்தாள். மெஷினைச் செருகினாள். எல்லா எண்களும் பூஜ்யமாக எரிந்தன. முதலில் முனையைப் பள்ளத்திலிருந்து மேலே தூக்கினாள். சக்கரத்தில் கை வைத்தபோது அதன் விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் வழவழப்பாகத் தேய்ந்திருந்தது தெரிந்தது. அண்ணி செல்போன் வெளிச்சத்தைப் பிடித்தாள். சொடுக்கு, சொடுக்கு என்று முனை குறியை நோக்கி வந்தது.

"ரைட்ல இன்னும் கொஞ்சம். போதும், போதும். எறக்கு."

இறக்கினாள். முனை குறிக்கு ஒரு மயிரிழை மேலே வந்ததும் கை நின்றது.

"இன்னும் ஒரு சொடுக்கு" என்றாள் அண்ணி.

"தொட்டா அழிஞ்சிடும் அண்ணி."

அண்ணி வெளிச்சத்தை இன்னும் கிட்டே கொண்டுவந்தாள்.

"யாரு ஃபேன நிறுத்துனது?" என்று கூடத்திலிருந்து பெரியப்பா கேட்டார். "அந்த எக்ஸ்டென்ஷன எங்கம்மா கொண்டுபோன?"

இருவரும் கீழே பிளக்கைப் பார்த்தார்கள். அண்ணி அறைக் கதவை ஒருக்களித்துச் சாத்தினாள்.