ஒரு கரண்டிப் பசை

ரம்ஜான் பீவி கடைக்கு வந்து ஒரு மணி நேரம் உட்கார என்ன விலை? அப்துல் ரஹ்மானைக் கேட்டால் கடையையே எழுதித் தருவேன் என்பார். ஒரு மூச்சு விட்டுவிட்டு, பாதிக் கடை என்று திருத்துவார். அந்தமானின் ரங்கத் பஜாரில் கட்டில், மேசை விற்கும் அவருக்கு விலை சொல்ல வரும், சொன்ன விலையில் நிற்க வராது. நின்றவள் மனைவி ரம்ஜான் பீவிதான். பலகை ஒட்டும் பசையின் நெடி ஒத்துக்கொள்ளாமல், கண் எரிந்து, இழுப்பு வந்து, அவள் வீட்டோடு நின்றுவிட்டாள். அன்றிலிருந்து வாங்க வருகிறவர்கள் சிரித்துக்கொண்டே வருகிறார்கள். அவர் காலி முக்காலிக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்து சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கிறார்.

மெயின்லேண்டில் ஆராய்ச்சி செய்யும் மகள் ஹசீனா, லீவுக்குக் கப்பலில் வந்தபோது ஒரு வாளியும் கொண்டுவந்தாள். உள்ளே ஆறிய கஞ்சி மாதிரி வெள்ளையாய் ஒன்று. வாழைமட்டை நாரைக் கண்ணுக்கே தெரியாத இழையாக நுணுக்கியது.

“இதுல பசை எவ்வளவு?”

“பசையே கிடையாது வாப்பா. இழை கொஞ்சம், மிச்சமெல்லாம் தண்ணி.”

“அரே! பெத்த வாப்பாகிட்டயே தண்ணி விக்கிறியா?”

“தண்ணி போயிடும். இழை ஒண்ணையொண்ணு பிடிச்சுக்கும், மரத்தூளையும் விடாது. நெடி இல்ல. உம்மா வந்து உக்காரலாம்.”

அதற்குமேல் அவர் பேரம் பேசவில்லை. பசை நெடியடிக்கும் பழைய சரக்கெல்லாம் தெருக்கோடி கோடவுனுக்குப் போனது; விற்பதை அங்கிருந்து எடுத்துக் கொடுப்பதாக ஏற்பாடு. கல்லா மேசைக்குப் புதுப் பலகை போட, மரத்தூளைக் கஞ்சியில் பிசைந்து வைத்துவிட்டு ஹசீனா டீ குடிக்கப் போனாள். வெறும் தண்ணியை நம்பிச் செய்த மேசை பீவியின் காலில் விழுந்தால்? கொசுறு போட்டே பழகிய அப்துல் ரஹ்மானின் கை, ஒரு கரண்டிப் பழைய பசையைக் கலந்துவிட்டது.

பிழிந்து, பட்டறை அச்சில் சூடாக அழுத்தி, மேசை தயாரானது. ரம்ஜான் பீவி வந்து உட்கார்ந்தாள். முக்காட்டு நுனி மூக்குக்குப் போனது.

“ஏங்க, இதுல என்ன போட்டீங்க?”

“நானா?”

“கண்ணு எரியுது. சொல்லுங்க.”

“ஒரே ஒரு கரண்டி...”

“வாப்பா!” என்று கத்தினாள் ஹசீனா.

“இனிமே என்னைக் கூப்பிடாதீங்க” என்று பீவி இறங்கிப் போனாள். அந்தப் பலகையும் கோடவுனுக்குப் போனது.

வாளியில் பாதி மிச்சம் இருந்தது. இந்தத் தடவை மகள் அவரை உள்ளேயே விடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ரோட்டில் நின்றார். கட்டில் விலை கேட்க வந்த பக்கிரிசாமி சிரித்தான்.

“என்ன பாய், சொந்தக் கடையிலயே வெளிய நிப்பாட்டிட்டாங்களா?”

“லஞ்சம் குடுத்தாலும் விடமாட்டேங்கிறா தம்பி. நீ நாளன்னிக்கு வா.”

அந்தப் பலகை காய்ந்ததும், கெஞ்சிக் கூத்தாடி பீவியை அழைத்து வந்தார். அவள் குனிந்து, மேசைமேல் கன்னத்தை வைத்து மூச்சிழுத்தாள். அவர் மூச்சு விடவே இல்லை. அவள் நிமிர்ந்து, முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சிரித்துக்கொண்டே உள்ளே வந்த பக்கிரிசாமி, கல்லாவைப் பார்த்ததும் சிரிப்பை மடித்து வைத்தான்.

“அக்கா, நீங்களா?”

“நான்தான். விலையைக் கேளு, குறைக்கக் கேக்காதே.”

கடை சாத்தும்போது அவள் விரல் மடக்கினாள்.

“கட்டில் ஒண்ணு, அலமாரி ஒண்ணு நான் வித்தது. நீங்க வித்தது ஒண்ணுமில்ல. தும்மல் ஒண்ணுமில்ல. டீ ரெண்டு கேட்டேன், ஒண்ணுதான் வந்துச்சு. ஒண்ணு பாக்கி.”

அப்துல் ரஹ்மான் அதற்குள் காலி கிளாஸோடு ரோட்டைத் தாண்டிக்கொண்டிருந்தார்.