அக்கா கட்டிய கடன்

1

இந்தக் கதை முழுக்க என் சரக்கு இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அக்காவின் போனுக்கு வந்த ஒரு குறுஞ்செய்தியிலிருந்து இது பிறந்தது. அந்தச் செய்தியில் எனக்குச் சொந்தமானது ஒரே ஒரு வரி. எந்த வரி என்பதை இப்போது சொல்லமாட்டேன். சொன்னால் நீங்கள் என்னோடு வரமாட்டீர்கள்.

முதலில் இப்படி ஆரம்பித்திருந்தேன்:

[மாலை மணி நான்கு. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்சைத் துடைத்துக்கொண்டிருந்தவளின் போன் ஒருமுறை அதிர்ந்தது. அந்த அதிர்வு அவள் வாழ்க்கையையே]

வாழ்க்கையையே என்ன செய்தது? புரட்டிப் போட்டதா? இந்த மாதிரி வாக்கியங்களைப் பார்த்தால் அக்கா சிரித்துவிடுவாள். நான் எழுதுவதையெல்லாம் முதலில் படிப்பவள் அவள்தான். தவிர, எதுவும் அதிரவில்லை. அவள் போன் எப்போதும் வாயை மூடிக்கொண்டுதான் கிடக்கும்.

2

அக்காவைக் கதாபாத்திரமாக்குவதில் ஒரு சிக்கல். அவள் செய்த காரியம் அவள் குணத்தோடு ஒட்டவே மாட்டேன் என்கிறது.

பத்தொன்பது வருடமாகக் கண்ணாடிக் கடையில் வேலை. ஒருவருடைய இரண்டு கண்மணிகளுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று இரண்டு தடவை அளந்து எழுதி, மூன்றாவது தடவையும் அளப்பாள். “பரிசு விழுந்திருக்கிறது”, “உங்கள் கணக்கு முடக்கப்படும்” என்றெல்லாம் வரும் செய்திகளைப் படித்து முடிக்கும் முன்னே அழித்துவிடுவாள். கடையில் வேலை செய்யும் மற்றவர்களுக்கும் அவள்தான் வாத்தியார். “லிங்க்கத் தொட்டே, கைய ஒடச்சிடுவேன்” என்பாள்.

அப்படிப்பட்டவள், யார் என்றே தெரியாதவர்கள் அனுப்பிய செய்தியை நம்பி, ஒரு மாதச் சம்பளத்தை அப்படியே தூக்கிக் கொடுத்தாள் என்று எழுதினால் எந்தப் பதிப்பாசிரியரும் ஓரத்தில் கோடு போட்டு, ‘நம்பும்படி இல்லை’ என்றுதான் குறிப்பார். எனக்கும்தான் நம்பமுடியவில்லை. ஆனாலும் கொடுத்தாள்.

3

எனக்கு அது தெரியவந்ததே தற்செயல்தான். என் கண்ணாடியின் கால் கழன்றுவிட்டது. கடைக்குப் போனேன்.

“போன்ல லைட்டப் போட்டு இங்க பிடி. திருகாணி கண்ணுக்கே தெரியமாட்டேங்குது” என்று தன் போனை என் கையில் கொடுத்தாள். பிடித்தேன். அப்போதுதான் திரையின் மேலே அது இறங்கியது. எனக்குக் கிட்டப்பார்வை. கண்ணாடி இல்லாவிட்டாலும் மூக்குக்கு அருகில் இருப்பது நன்றாகவே தெரியும்.

*இரண்டாம் தவணை. இன்று மாலை ஐந்து மணிக்குள்.*

“என்னக்கா இது?”

வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். “ஒண்ணுமில்ல.”

“எதுக்குத் தவணை?”

“நீயும் கேக்காத, நானும் கேக்கல. பாதி முடிஞ்சாச்சு, விடு.”

“எது முடிஞ்சாச்சு?”

திருகாணியைப் பார்த்தபடியே சொன்னாள். “நீ வாங்கின கடன்தான்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “அக்கா, நான் யார்கிட்டயும் சல்லிக்காசு கடன் வாங்கல!”

அவள் கையிலிருந்த சின்னத் திருப்புளி தரையில் விழுந்து உருண்டது. எடுக்கவில்லை. ஸ்டூலில் மெல்ல உட்கார்ந்தாள். அவளை அந்த முகத்தோடு நான் பார்த்ததே இல்லை. பேய் அறைந்த மாதிரி என்பார்களே, அதுதான்.

(இங்கே எங்கள் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் உங்களுக்கு எதுவும் புரியாது. அப்பாவுக்கு வேலை போனபோது, மூன்று மாதம் தினமும் காலையில் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு எங்கேயோ கிளம்பிப் போனார். வீட்டில் எல்லோருக்கும் விஷயம் தெரியும். ஒருவரும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதைத்தான் நாங்கள் பாசம் என்று பழகியிருக்கிறோம். வேறொரு குடும்பமாக இருந்தால் அக்கா அன்றைக்கே எனக்குப் போன் போட்டு, “ஏன்டா நாயே, யார்கிட்ட கடன் வாங்கினே?” என்று கத்தியிருப்பாள். பணமும் தப்பியிருக்கும்.)

4

முதலில் வந்த செய்தியைக் காட்டினாள். அப்படியே தருகிறேன்:

*வணக்கம். உங்களுக்கு நெருக்கமான ஒருவர் பெற்ற கடனுக்கு உங்கள் எண் தரப்பட்டுள்ளது. உங்கள் மௌனத்தை மறுப்பாக நாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை; தயக்கமாகவே புரிந்துகொள்கிறோம். அவருடைய மரியாதை கருதி, பிறரிடம் பேசாமல் கீழுள்ள இணைப்பில் செலுத்தவும்.*

யார் வாங்கிய கடன்? இல்லை. யார் கொடுத்தது? இல்லை. எப்போது, எவ்வளவு, எதற்கு? ஒன்றுமே இல்லை. வெறும் ஓட்டை. அக்கா என்ன செய்தாள்? நல்ல வாசகர் எதைச் செய்வாரோ அதையே செய்தாள். எழுதாமல் விட்ட இடத்தைத் தானே நிரப்பிக்கொண்டாள். புத்தகம் எழுதிப் பிழைக்கும் தம்பி, மாதக் கடைசியில் போனையே எடுக்காத தம்பி, அந்த ஓட்டையில் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்துவிட்டான். இணைப்பைத் திறந்ததும் இரண்டு தவணை என்று ஒரு தொகை கேட்டது; முதலாவதைக் கட்டிவிட்டாள்.

மணி நாலே முக்கால். இணைப்பை மறுபடி தொடவில்லை. பதிலும் போடவில்லை. எல்லாச் செய்திகளையும் படமெடுத்து வைத்துக்கொண்டோம். பிறகு வங்கியைக் கூப்பிட்டோம். செய்தியில் இருந்த எண்ணில் அல்ல. அக்காவின் அட்டைக்குப் பின்னால் அச்சடித்திருந்த எண்ணில். ஒரு பெண் எடுத்தார்.

“அவங்க நம்பருக்குத் திரும்பக் கூப்பிட்டீங்களாம்மா?”

“இல்லைங்க.”

“நல்லதாப் போச்சு. கூப்பிடாதீங்க. நிஜமாவே வசூல் பண்றவங்கன்னா, யார் பேர்ல கடன், யார் குடுத்தது, பாக்கி எவ்வளவுன்னு கேட்டா எழுத்துல தருவாங்க. அத வெச்சுக் கடன் குடுத்த எடத்துலயே நேராக் கேட்டுப் பாக்கலாம். இன்னிக்கே கட்டு, வெளிய சொல்லாதேன்னா அது கடனே இல்ல, களவு.”

“கட்டினது திரும்பி வருமாங்க?”

“புகார் பதிஞ்சுட்டேன். போலீஸ்லயும் குடுங்க. வரும்னு என்னால சொல்லமுடியாதும்மா.”

(இது கதையா, வங்கிச் சுவரில் ஒட்டும் அறிவிப்பா என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும். கதை நன்றாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இந்தப் பகுதி மட்டும் உங்களுக்கு மறக்காமல் இருந்தால் போதும்.)

5

ஐந்து மணி கடந்தது. எதுவும் நடக்கவில்லை. கதை இங்கேயே முடிந்திருக்கலாம். தம்பி அக்காவைக் காப்பாற்றினான், சுபம்.

ஆனால் வங்கியிலிருந்து பேசிய அந்தப் பெண், முதலில் வந்த செய்தியை ஒருமுறை படித்துக் காட்டச் சொல்லியிருந்தார். அதுவரை மேலோட்டமாகப் பார்த்திருந்ததை நான்தான் வாய்விட்டுப் படித்தேன். மூன்றாவது வாக்கியத்தின் நடுவே நாக்கு ஒட்டிக்கொண்டது.

*உங்கள் மௌனத்தை மறுப்பாக நாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை; தயக்கமாகவே புரிந்துகொள்கிறோம்.*

நான் எழுதியது.

நான்கு வருடத்துக்கு முன்னால், ஒரு மாடி அறையில், நிறுவனங்களுக்காகக் கடன் பாக்கியை நினைவூட்டும் செய்திகள் எழுதித் தரும் இடத்தில், வாக்கியத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கிக்கொண்டு எழுதினேன். “மிரட்டக் கூடாது சார். படிச்சதும் அவங்களே கூனிக்குறுகிப் போகணும்” என்றார் மேலாளர். முப்பது வாக்கியம் கொடுத்தேன். இது மட்டும் பஸ்ஸில் வரும்போது தானாக வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அரைப்புள்ளிக்காக என்னையே நான் பாராட்டிக்கொண்டேன்.

அது திருடர்கள் கைக்கு எப்படிப் போனது? சுட்டார்களா, விற்றார்களா, அந்த மாடி அறைக்காரர்களேதான் இவர்களா? தெரியாது. தெரிந்ததெல்லாம், அந்த வரி என்னுடையது என்பதுதான்.

என் முகத்தைப் பார்த்த அக்கா, தனக்காகத்தான் நான் கலங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டாள். என் தோளைத் தட்டி, தானாகவே சொன்னாள்:

“மிரட்டியிருந்தா அழிச்சிருப்பேன்டா. இது அப்படி இல்ல. நம்மள நல்லாப் புரிஞ்சவங்க யாரோ எழுதின மாதிரி இருந்துச்சு.”

[இங்கே, ‘நான் குற்றவாளி அல்ல’ என்று தொடங்கும் ஒரு பத்தி இருந்தது. ஏழு முறை திருத்தினேன். ஒவ்வொரு முறையும் இன்னும் அழகாக வந்தது. பயந்துபோய் எடுத்துவிட்டேன்.]

6

முடிவுகள் மூன்று எழுதிப் பார்த்தேன்.

முதலாவதில் நான் சொல்லவே இல்லை. அக்கா கட்டிய பணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வேறு ஏதாவது சாக்கில் திருப்பித் தருகிறேன். எங்கள் குடும்ப வழக்கத்துக்கு மிகவும் பொருத்தமான முடிவு. எழுதி முடித்ததும் கிழித்துப் போட்டேன்.

இரண்டாவதில் சொல்கிறேன், அவள் சிரித்து மன்னிக்கிறாள். என் வசதிக்கு அவளைச் சிரிக்கவைக்கிறேன் என்பது அப்பட்டமாகத் தெரிந்தது.

மூன்றாவதில் சொல்கிறேன், அவள் கதவை அறைந்து சாத்திக்கொண்டு

(கடையில் கண்ணாடிக் கதவு. அதை அவள் அறைந்து சாத்தமாட்டாள். விட்டுவிட்டேன்.)

ஆகவே, மேலே உள்ள ஐந்து பகுதிகளையும் அச்செடுத்து அவளிடமே கொடுத்தேன். வார விடுமுறை, மதியம், அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசை. படித்தாள். இரண்டாம் பகுதியில், “கைய ஒடச்சிடுவேன்னா சொன்னேன்?” என்றாள். சிரித்தாள்கூட. ஐந்தாம் பகுதியில் அவள் விரல் ஒரு வரியில் நின்றது. மேலே போனது. திரும்பவும் கீழே வந்தது. திட்டுவாள், அழுவாள், எழுந்து போய்விடுவாள் என்று எதற்கும் தயாராக இருந்தேன்.

தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள். “இது எத்தனை பேருக்குப் போயிருக்கும்?”

நான் அதை யோசித்தே இருக்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், இந்த ஐந்து பகுதிகளை எழுதியபோதும் அவளையும் என்னையும் தவிர வேறு யாரும் என் நினைப்பில் இல்லை.

“தெரியலக்கா.”

“தெரியலன்னா எப்படி? நான் கட்டிட்டேன். வாயத் தொறக்காம எத்தனை பேர் கட்டினாங்களோ? கேளு. இத்தன நாள் கேக்காம இருந்ததெல்லாம் போதும்.”

அதனால் இந்தக் கதைக்கு முடிவு என்னிடம் இல்லை, உங்கள் போனில் இருக்கிறது. எடுத்துத் தேடிப் பாருங்கள். அந்த வரி இருந்தால் கட்டாதீர்கள். கட்டிவிட்டிருந்தால் வெட்கப்படாதீர்கள்; வெட்கப்பட வேண்டியவன் நான். எனக்கு எழுதுங்கள்.

அக்கா உள்ளே போய் ஒரு பழைய நோட்டை எடுத்து வந்தாள். முதல் வரியில் ஒன்று என்று போட்டுத் தன் பெயரை எழுதினாள். அடுத்த வரியில் இரண்டு என்று எண்ணை மட்டும் எழுதிவிட்டு, பேனாவை என் பக்கம் தள்ளினாள்.