ஒருசந்தி

கோபிகா கேட்காமல் விட்டாள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. கேட்டாள். கேட்ட சொல்தான் பிழையாகிப்போனது.

சண்டிலிப்பாய்ச் சைவக்காரியான அவள் கத்தோலிக்கர் நிறைந்த குருநகருக்குக் குடும்பநல உத்தியோகத்தராக வந்து மூன்று மாதம். கர்ப்பிணிகளை வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது வேலை. றோஸின் வீட்டுக்குத்தான் அடிக்கடி போவாள். றோஸுக்கு முப்பத்தெட்டு வயது. இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே கரைந்துபோய், இது மூன்றாவது, ஏழு மாதம். போதாக்குறைக்குச் சீனி வருத்தம் வேறு, காலையும் மாலையும் இன்சுலின் ஊசி.

"றோஸக்கா, விரதம் கிரதம் பிடிக்கிறனீங்களோ?"

"சீ, இல்லை மிஸ். அது உங்கடை ஆக்களெல்லோ பிடிக்கிறது!"

அன்று கோபிகாவுக்கே வெள்ளி விரதம். சிரித்துக்கொண்டு 'இல்லை' என்று குறித்தாள். விரதக்காரருக்குச் சொல்லவேண்டிய எச்சரிக்கையைச் சொல்லாமலே எழும்பினாள்.

"ஊசியை மட்டும் ஒருநாளும் விட்டிடாதேங்கோ."

றோஸ் விடவில்லை. பாவம், சொன்னதைச் சொன்னபடி செய்கிற பெண். தவக்காலத்து முதல் வெள்ளி காலையில் ஊசியைப் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு வேலை பார்த்தாள். பத்து மணிக்குள் தலை சுற்றி, சீமெந்துப் படியில் வயிறு அடிபட விழுந்தாள். ஆஸ்பத்திரியில் தாயை மீட்டார்கள். பிள்ளையை மீட்க முடியவில்லை.

எட்டாம் நாள் கோபிகா போனாள். பால் கட்டிய மார்பைத் துணியால் இறுக்கிக்கொண்டு றோஸ் சுவரோடு சாய்ந்திருந்தாள்.

"ஏனக்கா சாப்பிடேல்லை? விரதமோ எண்டு கேட்டனான் எல்லோ?"

"விரதமில்லை மிஸ், ஒருசந்தி. தவக்காலத்து வெள்ளியிலை ஒருநேரச் சாப்பாடுதான். பிள்ளைத்தாச்சிக்குத் தேவையில்லை எண்டு பங்குச் சுவாமியும் சொன்னவர். இந்தப் பிள்ளையாவது தங்கவேணுமெண்டு நான்தான் நேர்ந்தனான்."

கோபிகாவுக்குத் திக்கென்றது. பேர்தானே வேறு, பட்டினி ஒன்றுதானே, ஐயோ!

"பிழை என்னிலைதான் அக்கா. ஊசி போட்டிட்டுச் சாப்பிடாமல் இருக்கக்கூடாதெண்டு நான் சொல்லியிருக்கவேணும். அதாலைதான்…"

றோஸ் மறுத்துத் தலையாட்டினாள்.

"இல்லை மிஸ். நான் மயங்கிக் கிடக்கேக்கை பக்கத்துவீட்டு அருமைநாயகியக்கா வாயிலை சீனித்தண்ணி வாத்துப்போட்டா. ஒருசந்தி முறிஞ்சுபோச்சு. அதுதான் ஆண்டவர் பிள்ளையை எடுத்துப்போட்டார்."

"அந்தச் சீனித்தண்ணிதான் அக்கா உங்களைக் காப்பாத்தினது!"

றோஸின் காதில் அது ஏறவில்லை. கோபிகா விம்மியழத் தொடங்கியதும் அவள் கையைப் பிடித்துத் தேற்றினாள்.

"நீங்கள் ஏன் அழுறியள்? உங்கடை சொல்லை நான் தட்டேல்லை, மிஸ். அண்டைக்கும் ஊசி போட்டனான்."