விரல் மறைத்த வரி

அந்த விரல் இன்னும் புத்தகத்துக்குள்ளேயே கிடக்கிறது, நகம் ஒட்ட வெட்டிய, சோப்பு மணக்கிற, ஞாயிறுதோறும் சபையில் காணிக்கைப் பை பிடிக்கிற அண்ணனின் ஆள்காட்டி விரல், நேசபாய் மத்தியானம் சற்றுக் கண்ணை மூடினாலும் போதும், அது தாளுக்கு நடுவில் ஊறித் தடித்து அட்டை மாதிரி உறிஞ்சத் தொடங்கிவிடும், த்தூ என்று எழுந்து உட்காருவாள், எதிரே வாடகை வீட்டின் காரை பெயர்ந்த சுவர், கனவுதானா, இல்லை நடந்ததா, அதுதான் மக்களே அவளுக்குப் பிடிபடவே இல்லை, அப்போது இருந்தது அம்மையின் வீட்டில், பெற்ற அம்மை கட்டிலில் கிடக்கிறாள், மூத்திரமும் டெட்டாலும் கலந்த அறை, இடுப்புக்குக் கீழே அசையாத அந்த உடம்பை நேசபாய்தான் புரட்டிப் புரட்டித் துடைக்கிறாள், படுக்கைப்புண்ணுக்குப் பஞ்சு வைக்கும்போதெல்லாம் ஏசுவடியான் அண்ணன் வாசலில் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்பான், உள்ள வா அண்ணா, அம்மை தேடுதா, இல்லட்டி, எனக்கு ஓங்காளிச்சிரும், அப்படிப்பட்டவன் உயில் எழுதின அன்றைக்கு மட்டும் நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்திருக்கிறான், மடியில் உயில் எழுதுவது எப்படி என்று சொல்லித்தருகிற மெல்லிசுப் புத்தகம், பென்சில் கோடு நிறைந்தது, பரீட்சைக்குப் படித்த மாதிரி.

அம்மை தெளிவாகத்தான் சொன்னாள், வீடும் அது நிக்குத மண்ணும் நேசத்துக்கு, பாக்கியுள்ளதெல்லாம் மூத்தவனுக்கு, அண்ணன் முகம் சுளிக்கவில்லை, அவனே எழுதினான், வாத்தியாராக இருந்தவனின் முத்து முத்தான எழுத்து, எழுதி முடித்துப் புத்தகத்தை எடுத்து வேதம் வாசிக்கிற குரலில் சாட்சிக்கு வந்திருந்த சபை உபதேசியாருக்கு வாசித்துக் காட்டினான், எழுதுகிறவர் சுயபுத்தியோடு கையெழுத்திட வேண்டும், இரண்டு சாட்சிகள் அதைக் கண்ணால் பார்த்துக் கையெழுத்திட வேண்டும், அதோடு நின்றான், அடுத்த வரியின்மேல் விரலை வைத்தான், விரலை எடுக்காமலே புத்தகத்தை மூடினான், ஒரு சாட்சிக்கு உபதேசியார் இருக்காரு, இன்னொண்ணுக்கு வெளியாளை எதுக்குக் கூப்பிடணும், நம்ம மாப்ள இருக்காரே, வாரும் மாப்ள, ஒரு கையெழுத்துப் போடும். அவள் புருஷன் செல்லத்தாஸ் பின்வாசலில் சக்கை வெட்டிக்கொண்டிருந்தான், அம்மையின் பலாமரத்துப் பழம், பிசின் ஒட்டாமலிருக்க முழங்கைவரை தேங்காயெண்ணெய், எண்ணெய்க் கையோட எப்பிடி மச்சான் என்று கூசினான், ஆனாலும் பெரிய மனுஷன் தன்னை மதித்துக் கூப்பிட்டுவிட்ட சந்தோஷம் காதுவரைக்கும் ஏறியிருந்தது, அம்மையும் உபதேசியாரும் போட்ட பிறகு வேட்டியில் துடைத்துக்கொண்டு போட்டான், அவன் விரல் பட்ட இடம் மட்டும் தாளில் கண்ணாடி மாதிரி ஆயிற்று, அண்ணன் அதை ஊதி ஊதி உலர்த்துகிறான், உபதேசியார் ஜெபிக்கிறார், அம்மை ஆமென் என்கிறாள், பிறகு எல்லாரும் சுளை தின்கிறார்கள், மூக்கைப் பொத்துகிறவன்தான் அதிகமாகத் தின்கிறான், தாடையில் சாறு வடிய.

அம்மையை அடக்கம்பண்ணின பிறகு வக்கீல் சொன்னார், உங்க வேதக்காரங்களுக்குச் சட்டத்துல ஒரு வரி இருக்கும்மா, உயிலுக்குச் சாட்சி போட்டவனுக்கோ அவன் சம்சாரத்துக்கோ அதுல எதை எழுதி வச்சிருந்தாலும் செல்லாது, உயில் நிக்கும், உங்க பங்கு மட்டும் விழுந்துரும், விழுந்தது பாக்கியுள்ளதோட போய்ச் சேரும், பாக்கி யாருக்குன்னு எழுதியிருக்கு? அண்ணனுக்கு. அவ்வளவுதான், பீ துடைத்தவளுக்கு வாடகை வீடு, மூக்கைப் பொத்தினவனுக்கு அம்மையின் வீடு, அதைவிட அவளுக்குக் குமட்டியது செல்லத்தாஸ் தன் கையையே பார்த்துப் பார்த்துச் சுருங்கிப்போனதுதான், சோற்றைப் பிசைந்தபடியே நின்றுவிடுவான், இந்தக் கைதான் நேசம் உன் வீட்டை எடுத்தது, மச்சானைக் குறை சொல்லாத, அவருக்கு மட்டும் தெரிஞ்சா இருக்கும். அவள் அவன் சோற்றில் குழம்பை ஊற்றுவாள், கனவில் ஊறுகிற ஒரு விரலை வைத்து ஒருத்தனைக் கள்ளனாக்க முடியுமா, ஆனால் பார்த்தேனே, பார்த்தேனா.

இப்போது வாசலில் யாரோ கூப்பிடுகிறார்கள், கனவில்லை, அண்ணனேதான், தோளில் ஒரு சக்கை, அம்மையின் மரத்துச் சக்கை, ஒரு பக்கம் கன்றி அழுகி ஈ மொய்க்கிறது, உன் பங்கு மக்ளே, என்று படியில் இறக்குகிறான், பங்காம், இளித்துக்கொண்டே நிற்கிறான், வீட்டை இடிச்சுக் கட்டியாச்சு, சனிக்கிழமை பிரதிஷ்டை, போதகர் கறாராச் சொல்லிட்டாரு, கூடப்பிறந்தவ மனசு முறிஞ்சிருக்க வீட்டுல நான் ஜெபம்பண்ண மாட்டேன்னு, நீ வந்து பக்கத்துல நின்னா போதும், சபைக்காரங்க எல்லாரும் வாறாங்க, மானம் போயிரும்டி. சொல்லிக்கொண்டே கையைப் பார்க்கிறான், காம்பிலிருந்து வடிந்த பால் ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் சேர்த்து ஒட்டிவிட்டிருக்கிறது, இழுத்தால் நூல் நூலாக வருகிறது, சே, கொஞ்சம் தேங்காயெண்ணெய் தாட்டி, அவள் அசையவில்லை, செல்லத்தாஸ்தான் அடுக்களைக்கு ஓடினான், அவன் அப்படித்தான்.

நேசபாய் வாறேன் அண்ணா என்றாள், வந்து நிக்கேன், அதுக்கு முன்னால ஒண்ணு கேக்கணும், அன்னைக்கு அம்மை கட்டில்ல வச்சு வாசிச்சியே, நீ வாசிக்காம விரலை வச்சு மூடின வரி எது.

அண்ணன் நிமிரவில்லை, ஒட்டின விரலையே பார்த்துக்கொண்டிருந்தான், குரல் மட்டும் வந்தது, நீ அப்பவே பாத்துட்டியாட்டி?

சொல்லிவிட்ட பிறகுதான் வாய் திறந்தபடி நின்றது, அதற்குள் அவன் பக்கத்திலேயே செல்லத்தாஸ், கையில் எண்ணெய்க் குப்பி, திறந்து சரித்தபடி, ஒரு சொட்டு விழப்போகிற நேரம், கேட்டுவிட்டான், மக்களே, எல்லாம் கேட்டுவிட்டான், கொஞ்ச நேரம் தன் வலது கையைப் பார்த்தான், யாரோ வாங்கிப்போன பொருளைத் திருப்பிக் கொடுத்த மாதிரி பார்த்தான், பிறகு குப்பியை நிமிர்த்தி மூடியைத் திருகினான், நன்றாக இறுக்கித் திருகினான், சக்கையையும் எடுத்துட்டுப் போங்க மச்சான், இங்க நாறுது.

அண்ணன் ஒட்டின விரல்களோடு அதைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நடந்தான், வெள்ளைச் சட்டையில் சாறு வழிந்தது, ஈக்கள் கூடவே போயின, அன்று மத்தியானம் நேசபாய் கண்ணை மூடியபோது புத்தகம் விரியத் திறந்து கிடந்தது, வரி வெயிலில் தெரிந்தது, விரல் வெளியே, தாளுக்குள் திரும்பிப் போக முடியாமல், ஈ மொய்க்க.