முத்துமாலை மறைத்த கழுத்து

பூர்ணிமாவுக்குக் காலையிலிருந்தே தலை கொதித்துக்கொண்டிருந்தது. மறுநாள் அவள் பொறுப்பில் நடக்கும் கண்காட்சியின் திறப்பு. திருவையாறு போகிற சாலையில் ஒரு பழைய சத்திரத்தை வெள்ளையடித்து ஓவியக்கூடமாக்கி, 'அரசர்களும் அவர்கள் வரையச் சொன்ன முகங்களும்' என்று பெயரும் வைத்து, படங்களையெல்லாம் மாட்டி முடித்தாயிற்று. இப்போது வந்து நிற்கிறார் அமிர்தலிங்கம், குறிப்புப் பலகையைக் கழற்று என்று.

போங்கய்யா என்று தள்ளிவிடக்கூடிய ஆளா அவர்? வலங்கைமான் பக்கம் ரைஸ்மில் முதலாளி, கண்காட்சிக் குழுவின் தலைவர். அதைவிடப் பெரிய சங்கடம், கூடத்தின் நடுவில் ஆளுயரத்துக்கு நிற்கும் துங்கராஜா படம் அவர் வீட்டுச் சொத்து. தாத்தா ஏலத்தில் எடுத்தது. அது இல்லையென்றால் கண்காட்சியே இல்லை.

"இந்தப் பலகைய எடுத்துடுங்க மேடம். இல்லேன்னா படத்த நான் வீட்டுக்குக் கொண்டுபோயிடுறேன்."

பலகையில் பூர்ணிமா எழுதியிருந்தது இதுதான். படத்தில் இருக்கும் தலை மட்டுமே துங்கராஜாவுடையது. உடம்பு அவருடைய சித்தப்பாவுடையது. சித்தப்பாவை விரட்டிவிட்டுப் பட்டத்துக்கு வந்தவருக்குப் புதுப்படம் எழுதும்வரை பொறுமையில்லை. பழைய படத்தில் தலையை அழித்துத் தன் தலையை வைக்கச் சொல்லிவிட்டார். எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்தால் அடியில் சித்தப்பாவின் நரைமீசை அப்படியே இருக்கிறது. புதுக் கழுத்தும் பழைய மார்பும் நிறம் சேரவில்லை என்பதால், ஒட்டு தெரியாமலிருக்க ஓவியர் முத்துமாலையைத் தாடைவரை அடுக்கிவிட்டார். அந்தப் படத்தைப் பார்த்து நகலெழுதவைத்து ஊர்ச் சாவடிகளுக்கெல்லாம் அனுப்பினார் ராஜா. காலங்காலமாக இவர்தான் ஆள்கிறார் என்று ஜனங்கள் நம்ப வேண்டுமே!

இதைக் கண்டுபிடிக்க அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. பலகை போய்விட்டால் எஞ்சுவது வாளோடு நிற்கும் ஒரு பொம்மைதான்.

"எங்க ஊருக்கு வாய்க்கால் வெட்டுன மனுஷன்," என்றார் அமிர்தலிங்கம். "இன்னிக்கும் ராஜா வாய்க்கால்னுதான் சொல்றோம். அவரப் போயி ஒட்டுத்தலைன்னு எழுதலாமா?"

"வாய்க்காலப் பத்தியும் எழுதியிருக்கேன் ஐயா. கீழ படிங்க."

"ராஜான்னா ராஜாம்மா. அடுத்தவன் ஒடம்புல தன் தலைய வச்சிக்குவாரா? கேவலமா இல்ல?"

"அந்தக் கையப் பாருங்க. மொகம் எளவட்டம், கை கெழவன் கை. தோலெல்லாம் சுருங்கியிருக்கு."

"வேல செஞ்ச கை அப்புடித்தான் இருக்கும்."

"ராஜா என்ன வேல செஞ்சாரு?"

"வாய்க்கால் வெட்டுனாருல்ல!"

சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு. படித்துச் சொல்லியாயிற்று, காட்டிச் சொல்லியாயிற்று, கெஞ்சியும் பார்த்தாயிற்று. அவர் செல்போனை எடுத்து மில்லுக்குப் பேசினார், படத்தை ஏற்ற வண்டி அனுப்பு என்று. பூர்ணிமாவுக்கு வந்தது அழுகையா ஆத்திரமா என்று அவளுக்கே தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து பிளெக்ஸ் கடை இர்பான் ஒரு பெரிய சுருளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். நாளை வாசலில் கட்டுவதற்காக அமிர்தலிங்கம் சொல்லிவைத்த பிளெக்ஸ். "சாம்பிள் அடிச்சிருக்கேன். பாத்து ஓகே சொல்லுங்கய்யா," என்று கூடத்தின் நடுவிலேயே விரித்தார்.

பூர்ணிமா குனிந்து பார்த்தாள். அதே வெல்வெட் அங்கி, அதே வாள், அதே சுருங்கிய கை. மேலே மூக்குக்கண்ணாடியோடு சிரித்துக்கொண்டிருந்தது அமிர்தலிங்கத்தின் தலை. 'டெல்டாவின் துங்கராஜாவே வருக!' என்று கொட்டை எழுத்து. நிஜத் துங்கராஜா ஒரு மூலையில், மில் ஊழியர் பெயர்களுக்கு நடுவே, தபால்தலை அளவில் கிடந்தார்.



அமிர்தலிங்கமோ பிளெக்ஸைச் சுற்றிச் சுற்றி வந்தார். முகமெல்லாம் பூரிப்பு. பிறகு நெற்றியைச் சுருக்கினார்.

"நல்லாத்தான் இருக்கு இர்பான். ஆனா கழுத்துக்கிட்ட ஒரு கோடு தெரியுது பாரு. என் நெறம் வேற, அது வேற."

"கலர் மாத்திப் பாக்கட்டுங்களா?"

"அதெல்லாம் எதுக்கு? அந்த முத்துமாலைய இன்னும் ரெண்டு சரம் மேல ஏத்திவுடு. கோடு மறஞ்சிடும்."

காலையிலிருந்து பேசிப் பேசி வறண்டுபோன பூர்ணிமாவின் வாய்க்கு இப்போதுதான் ஓய்வு கிடைத்தது.

இர்பான் சுவரிலிருந்த படத்தை நிமிர்ந்து பார்த்தார். "சரிதாங்கய்யா. ராஜாவுக்கும் தாடவரைக்கும் ஏத்தித்தான் விட்டிருக்காங்க," என்றார் வெள்ளந்தியாக.

அமிர்தலிங்கத்தின் சிரிப்பு நின்றது. நிமிர்ந்து ராஜாவின் கழுத்தைப் பார்த்தார், குனிந்து பிளெக்ஸில் தன் கழுத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு, படத்தருகே போய் நின்றார். வெளியே வண்டி வந்து ஹாரன் அடித்தது. அவர் திரும்பவில்லை.

"சித்தப்பனுக்கு மீச நரைச்சா இருந்துச்சு?" என்று கேட்டார் தணிந்த குரலில்.

"ஆமாங்கய்யா."

தன் மீசையைத் தடவிக்கொண்டார். "பலக இருக்கட்டும்மா," என்றார். பிறகு இர்பானிடம், "நீ அந்தத் தலைய எடுத்துடு."

"யாரு தலையங்கய்யா?"

"என் தலையத்தான்யா!"

விறுவிறுவென்று வாசல்வரை போனார். வண்டியைத் திருப்பி அனுப்பினார். படியிறங்கப் போனவர், என்ன நினைத்தாரோ, நின்று திரும்பினார்.

"ஒரேயடியா எடுத்துடாத. ராஜாவ எங்க வச்சியோ, அந்த மூலைல சின்னதா வச்சுவுடு."