ஆறாவது போல்ட்டின் கோடு

முதுகில் மாட்டிக்கொண்டு பறக்கிற எஞ்சின் அது. அவர் கடைசியாக இறங்கியபோது அதன் மரப் புரொப்பல்லரின் நுனி கல்லில் பட்டுச் சிதைந்தது. பிறகு அவர் பறக்கவில்லை.

"நீங்க தரையிலயே உட்கார்ந்திருந்தா நம்ம பொண்ணு திரும்பி வந்துடுவாளா?"

இப்படிக் கேட்ட மனைவிதான் புதிய புரொப்பல்லரை வரவழைத்தாள். மறுநாள் காலை பறப்பதென்று முடிவானது.

புரொப்பல்லரை மாட்டுவது முன்பு அப்பாவும் மகளும் சேர்ந்து செய்கிற வேலை. அவர் போல்ட்டை இறுக்குவார். மகள் நெயில் பாலிஷைத் தொட்டு, போல்ட்டின் தலையிலிருந்து கீழேயுள்ள உலோகத் தட்டுவரை ஒரு கோடு இழுப்பாள். கோடு விலகினால் போல்ட் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

"பாட்டிலைக் காலி பண்றதே உங்க எஞ்சின்தான்பா. என் நகம் மொட்டையா இருக்கு, பாருங்க."

காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் வீடு திரும்பவில்லை. அவள் கடைசியாக இழுத்த ஆறு கோடுகள் ஊதா நிறத்தில் போல்ட்டுகளிலும் தட்டிலும் இருந்தன.

மனைவி புரொப்பல்லரைப் பிடித்துக்கொண்டாள். அவர் போல்ட்டுகளைக் கழற்றி, துணியில் வட்டமாக வைத்தார்.

"என்ன, சோழி உருட்டி ஜோசியமா? சீக்கிரம் மாட்டுங்க."

"அதது அதோட ஓட்டைக்கே போகணும்."

அவள் போல்ட்டுகளின் தலைகளிலிருந்த ஊதாக் கோடுகளைப் பார்த்தாள். அப்புறம் கேலி செய்யவில்லை.

பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைத்து, மேலே அதே தட்டைப் பொருத்தினார்கள். இறுக்கம் சரியான அளவுக்கு வந்ததும் 'டக்' என்று சொல்லும் ஸ்பேனர். அதற்குமேல் மரம் தாங்காது. எதிரெதிராக இறுக்கி வந்தார். முதல் போல்ட்டில் டக். தலையின் கோடு தட்டின் கோட்டோடு சேரவில்லை. அடுத்ததிலும் இல்லை. ஐந்தும் எங்கெங்கோ பார்த்து நின்றன.

ஆறாவதில் ஒரு நூல்தான் குறை.

அவர் அந்த ஸ்பேனரை வைத்துவிட்டுச் சாதா ஸ்பேனரை எடுத்தார்.

"டக்குன்னுச்சே?"

"கேட்டுச்சு."

"அப்புறம் என்னங்க?"

"இன்னும் கொஞ்சந்தான்."

தோளைக் கொடுத்துத் திருப்பினார். தலையிலிருந்த கோடு நகர்ந்து தட்டிலிருந்த கோட்டைத் தொட்டது. அப்போது மரம் சத்தம் போட்டது. தட்டுக்கு அடியிலிருந்து மயிரிழை போல ஒரு விரிசல் கிளம்பி புதிய புரொப்பல்லரின் இறக்கைக்குள் ஓடியது.



"சேந்துடுச்சு பாரு," என்றார்.

அவள் விரிசலைப் பார்த்தாள். கோட்டைப் பார்த்தாள்.

"ஆமா. சேந்துடுச்சு."

புரொப்பல்லரைப் பிடித்த கையை அவள் எடுக்கவில்லை.